அவரோடு என் குரலும் போய்விட்டதா, டாக்டர்?

கடலூர் முதுநகரிலிருந்து 63 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நீக்கி அதைச் சுருக்கித் தருகிறேன்.

1983 முதல் மெல்லிசைக் குழுக்களில் பாடி வருபவர் அவர். எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடல்களுக்காகவே அழைக்கப்படுபவர்; ஊரில் அவருக்கு வழங்கும் பட்டப்பெயரும் அதையொட்டியதுதான். திருவந்திபுரத்தில் தாலி கட்டிவிட்டு வருபவர்களுக்கு மண்டபங்களில் நடக்கும் வரவேற்புகள், தேவனாம்பட்டினத்து மாசி மகம், கிராமங்களில் திரௌபதி அம்மன் தீமிதி என்று நாற்பது ஆண்டுகள் பாடியிருக்கிறார். 2015 இல் எம்.எஸ்.விஸ்வநாதன், 2020 இல் எஸ்.பி.பி., 2023 இல் வாணி ஜெயராம் என்று அவர் தெய்வமாக எண்ணியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கூடவே தொடங்கிய தபேலாக்காரரும், ஜோடிப் பாடல்களில் இணையாகப் பாடிய அம்மையாரும் இன்று இல்லை. எஸ்.பி.பி. மறைந்த பிறகு மேல் ஸ்தாயி பிடிக்கவில்லை. மூன்றாவது பாட்டிலேயே மூச்சு வாங்குகிறது. ஏழெட்டு மாதங்களாகப் பேசும் குரலும் கம்மிவிட்டது. இரவில் காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்கிறது. "அவரோடு என் குரலும் போய்விட்டது" என்று எழுதுகிறார். மகன்கள் பாடியது போதும் என்கிறார்கள். அறுவை சிகிச்சையில் பழைய குரலைத் திரும்பப் பெற முடியுமா, முடியாவிட்டால் சுருதிக் கட்டையை இறக்கிப் பாடுவது எஸ்.பி.பி.க்குச் செய்யும் அவமரியாதை ஆகாதா, அல்லது மரியாதையாக மேடையை விட்டுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை காது மூக்கு தொண்டை மருத்துவராகவும், இரண்டாம் முறை உங்களைப் போன்றவர்களின் கச்சேரிகளைக் கோயில் திடலில் மணலில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த புதுச்சேரிக்காரராகவும் படித்தேன் என்று சொல்லலாம். மருத்துவராகப் படித்தபோது பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தள்ளிப்போட முடியாது.

நீங்கள் ஒரே துன்பமாக எழுதியிருப்பதில் குறைந்தது மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. மேல் ஸ்தாயி பிடிக்காமல் போனதும் மூச்சு வாங்குவதும் நான்கைந்து ஆண்டுகளாக மெதுவாக வந்தவை. காது இரைச்சல் வேறு கதை. ஆனால் பேசும் குரலே கம்மி, ஏழெட்டு மாதங்களாகத் தெளியாமல் இருப்பது புதியது. அதைத் துக்கத்தின் கணக்கிலோ வயதின் கணக்கிலோ எழுதிவைக்க எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் குரல்வளைக்குள் பார்த்தே ஆக வேண்டும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. 50 வயதில் சிகரெட்டை விட்டதாகவும், வெற்றிலையோடு பன்னீர்ப் புகையிலை இன்னும் தொடர்வதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் அன்று. பெரும்பாலோருக்கு அங்கே வீக்கமோ, அமில அரிப்போ, சிறு முடிச்சோதான் தெரியும். புற்றாகவே இருந்தாலும், குரல் நாண் என்பது சிறு மாற்றத்தையும் உடனே குரலில் காட்டிக்கொடுத்துவிடும் இடம் என்பதால், தொடக்கத்திலேயே கண்டுபிடித்துக் கதிர்வீச்சிலோ லேசரிலோ பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். காத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, கோரிமேட்டில் உள்ள ஜிப்மரிலோ இந்த வாரமே போய்ப் பாருங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அதன் பிறகுதான் பொருள் உண்டு.

குரல் போனது அவர் மறைந்ததாலா?

இதில் உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 5 ஆம் தேதி எஸ்.பி.பி. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து செப்டம்பர் 25 வரை நீங்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்பே, மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோதே, உங்கள் மேடைகள் நின்றுவிட்டன. கோயில் திருவிழா இல்லை, வரவேற்பு இல்லை, ஒத்திகை இல்லை. "ஒன்றரை வருடம் வாயே திறக்கவில்லை" என்பது உங்கள் சொந்த வாக்கியம். அப்போது உங்களுக்கு வயது 58. குரல் நாண் என்பது மெல்லிய சவ்வு போர்த்திய தசை. 30 வயதில் ஒன்றரை ஆண்டு சும்மா இருந்த தசை சில வாரங்களில் மீண்டுவிடும். 58 இல் அப்படி மீளாது. அந்த வயதில் தசை தானாகவே மெலியத் தொடங்கியிருக்கும். பிறகு 2021 இறுதியில் மேடைகள் திறந்தபோது, ஊர் ஊராக நினைவு இன்னிசை கேட்டு உங்களை அழைத்தார்கள். பழக்கம் விட்டுப்போன குரலை வைத்துக்கொண்டு, முன்பு ஆறு பாடல் பாடிய இரவில் பதினாறு பாடினீர்கள், அதுவும் எல்லாமே உச்சத்தில் நிற்கும் பாடல்கள்.

ஆகவே அவர் மறைவும் உங்கள் குரல் தளர்ந்ததும் ஒரே காலத்தில் நடந்தவைதாம், ஆனால் ஒன்றால் மற்றது விளையவில்லை. துக்கத்தால் குரல் அடைபடுவது உண்மையிலேயே உண்டு. ஆனால் அது பெரும்பாலும் திடீரென்று வரும். பேச்சு கிசுகிசுப்பாகிவிடும், ஆனால் இருமலும் சிரிப்பும் கணீரென்று கேட்கும். உங்கள் வருணனை அப்படி இல்லை.

வயதான குரல்வளையைக் கேமராக் குழாய் வழியே திரையில் பார்க்கும்போது என்ன தெரியும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதைப் பார்ப்பீர்கள். ஆரோக்கியமான இரண்டு வெண்ணிற நாண்கள் 'ஈ' என்று ஒலிக்கும்போது விளிம்போடு விளிம்பு பொருந்தி மூடும். வயதாகி மெலிந்தவை நடுவில் வில்லாக வளைந்து நிற்கும். மூடிய பிறகும் இடையில் மெல்லிய நீள் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியே காற்று வீணாவதால்தான் மூன்றாவது பாட்டில் மூச்சு வாங்குகிறது. நுரையீரலின் கொள்ளளவும் வயதோடு குறைவதால் கையிருப்பும் குறைவு, கசிவும் அதிகம். மேல் ஸ்தாயியில் இந்த நாண்கள் நொடிக்கு 400 தடவைக்கு மேல் அதிர வேண்டும். அதற்கு இறுக்கமும் வேண்டும், நெகிழ்வும் வேண்டும். ஆண்களுக்கு வயதாகும்போது பேச்சுக் குரல் சற்றே மேலேறுவதும், பாட்டின் உச்சி கீழே இறங்குவதும் இதனால்தான்.

அதிமதுரமும் ஊசியும்

தினமும் அதிமதுரம் மெல்வதாகவும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். அதிமதுரத்தை அன்றாடம் மென்றால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். உங்கள் மாத்திரை ஒருபக்கம் இறக்குவதை அது மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருக்கும். பாடகர்களிடம் இதைச் சொன்னால் என்னைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். குருநாதர் சொன்ன பழக்கத்தை டாக்டர் சொல்லி விட்டுவிடுவதா என்று. சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப்பால் எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறிவிடும். நாண்களுக்கு ஈரம் உள்ளிருந்துதான் வர வேண்டும். பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதுதான் அதற்கு வழி. குரல் கம்மும்போது கிசுகிசுவென்று பேசினால் ஓய்வு என்பதும் தவறான நம்பிக்கை; பலருக்கு அது கூடுதல் சிரமம். வறட்டு இருமல் இருந்தால் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டுங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை சிலருக்கு விடாத இருமலைத் தரும், அந்த இருமல் குரலைக் கெடுக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாற்று மருந்து இருக்கிறது.

கச்சேரி முடிந்து நள்ளிரவு ஒரு மணிக்குச் சாலையோரக் கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, வேனிலேயே சாய்ந்து தூங்கிவிடும் வழக்கம் உங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. வயிற்று அமிலம் குரல்வளை வரை ஏறி வந்து இரவெல்லாம் அரிக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இது நடக்கும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நாண்களுக்கிடையே இடைவெளி அதிகமாக இருந்தால், அவற்றை உப்பச் செய்ய ஹையலூரானிக் அமிலம் போன்றவற்றை ஊசி வழியே செலுத்துவதுண்டு; அது சில மாதங்கள் நிற்கும். கழுத்தின் வெளியிலிருந்து சிறு தாங்கி வைத்து நாணை நடுவுக்குத் தள்ளும் நிரந்தர முறையும் இருக்கிறது. இவை காற்றுக் கசிவைக் குறைக்கும், பேச்சைத் தெளிவாக்கும். ஆனால் 1980களின் உச்சத்தைத் திருப்பித் தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் எதுவும் இல்லை என்று உறுதியானால் முதல் சிகிச்சை பயிற்சிதான். குரல் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் இரண்டு மூன்று மாதங்கள் போனால், ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் விரற்கடை ஆழம் மூழ்கவைத்து, குமிழி எழும்படி 'ஊ' என்று ஸ்வரம் ஏற்றி இறக்குவது போன்ற பயிற்சிகளைச் சொல்லித் தருவார்கள். பேரன் பேத்திகள் சிரிப்பார்கள். செய்யுங்கள், உங்கள் வயதுக்காரர்களுக்குப் பலன் தரும் முறை இது.

காது இரைச்சலைக் கேள்விகளில் கடைசியாக, அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது அவ்வளவு சிறியதாகப் படவில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில், மானிட்டர் பெட்டிக்கு முன்னால், நாற்பது ஆண்டுகள் மணிக்கணக்காக நின்ற காதில் உயர்ந்த ஒலிகள் முதலில் மங்கியிருக்கும். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காத பாடகர் தன்னை அறியாமல் கத்துவார். கத்தினால் குரல் இன்னும் கெடும். எனவே ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே ஒலியைச் சீராகக் குறைக்கும் காதடைப்பான்கள் உண்டு. காது கேட்கும் கருவி தேவைப்பட்டால், இசைக்கான தனி அமைப்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

அரைக் கட்டை இறக்குவது அவமரியாதையா?

கடந்த மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் மேடையில் நடந்ததை விரிவாக எழுதியிருக்கிறீர்கள்: கீபோர்டு வாசிக்கும் பையன் உங்களிடம் சொல்லாமலே, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டிவிட்டான், பல்லவியின் இரண்டாவது வரியில் உங்களுக்குப் புரிந்துவிட்டது, திரும்பிப் பார்த்தபோது அந்தச் சிறிய திரையில் மைனஸ் ஒன்று, அதாவது அரைக் கட்டை குறைவு, என்று நின்றது, அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்கிறீர்கள். சொல்லாமல் செய்தது தப்புதான். ஆனால் உங்கள் தொண்டை படும் பாட்டை நீங்கள் ஒப்புக்கொள்வதற்கு முன்பே அவன் காது கேட்டிருக்கிறது, அத்தனை பேர் முன்னால் உங்கள் குரல் உடையக் கூடாது என்று நினைத்திருக்கிறான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். யாருடைய குரலுக்கு நீங்கள் நிகராக நிற்க முயல்கிறீர்கள்? 1946 இல் பிறந்தவர் எஸ்.பி.பி. உங்களைவிட 16 வயது மூத்தவர். ஆனால் நீங்கள் மேடை ஏறிய 1983 இல் வெளிவந்த பாடல்களைப் பாடியபோது அவருக்கு 37. அந்த ஒலிப்பதிவுக்கு வயது ஏறவில்லை. மூத்தவர் என்று நீங்கள் கும்பிடும் அந்தக் குரல் இன்று உங்களைவிட 26 வயது இளையது, ஒவ்வோர் ஆண்டும் இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். போதாததற்கு, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வரி சரியாக வராவிட்டால் மறுபடி பாடலாம். பல்லவியை ஒரு மூச்சிலும் சரணத்தைத் தேநீர் குடித்த பிறகும் பாடலாம். உங்களுக்கோ திறந்தவெளி, கடற்காற்று, ஒரே வாய்ப்பு. நாயகர்கள் இருக்கும்வரை இந்தக் கணக்கு நமக்கு உறைப்பதில்லை, ஏனென்றால் அவர்களும் நம் கண்ணெதிரே நரைத்து, தளர்ந்து, நமக்கு முன்னால் நடந்து வழிகாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போன பிறகு மிஞ்சுவது இசைத்தட்டில் இருக்கும் இளங்குரல் மட்டும்தான், அதனோடு ஒப்பிட்டு நம்மை நாமே தோற்கடித்துக்கொள்கிறோம்.

எனவே இறக்குங்கள். ஒளித்து அல்ல, ஒத்திகையிலேயே சொல்லி. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கினால் ஜோடிப் பாடல்களில் பெண் குரலின் பகுதி மிகவும் கீழே போய்விடும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அந்தப் பாடல்களை இளைஞர்களுக்கு விட்டுவிட்டு, நடு ஸ்தாயியில் நடக்கும் தனிப் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதன் இசையில் அப்படிப்பட்டவை எத்தனை இருக்கின்றன என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மேடையை விடுவதா, வேண்டாமா?

எம்.எஸ்.சுப்புலட்சுமி 1997 இல் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு பொதுமேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறைத் தாண்டியும் மேடை ஏறினார். இந்த இருவரில் ஒருவர் செய்தது சரி, மற்றவர் செய்தது தவறு என்று யாராவது சொல்ல முடியுமா? ஆகவே மகன்கள் சொல்வதற்காகவும் விடாதீர்கள், அவர்கள் வாயை அடைப்பதற்காகவும் தொடராதீர்கள். குரல்வளைப் பரிசோதனை முடிந்து, மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு, ஓர் இரவுக்கு ஐந்து பாடல் என்று வரம்பு வைத்துக்கொண்டு ஒரு பருவம் பாடிப் பாருங்கள். மறுநாள் காலை பேசும் குரல் வழக்கம்போல இருந்தால் தொடரலாம்; இரண்டு நாளாகியும் தெளியவில்லை என்றால் அந்த அளவு உங்களுக்கு அதிகம். வருமானம் குறையும் என்றால், நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்கும் மாத நிதியுதவிக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். வயது, வருமான வரம்புகளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நினைவு நிகழ்ச்சிகளில் நாற்பது ஆண்டில் காணாத தொகை கிடைத்தது, "அவர் செத்ததில் நான் சம்பாதித்தேன்" என்று எழுதி, அதை அடித்தும் இருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. தொற்றுக் காலத்தில், அவர் அடக்கம் செய்யப்பட்ட தாமரைப்பாக்கத்துக்குப் போக வழியில்லாமல் வீட்டுக்குள் அழுதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள்தான் பின்னர் உங்கள் மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் பாடாமல் இருந்திருந்தால் அவருக்கும் இலாபமில்லை, அவர்களுக்கும் இல்லை. வாங்கிய காசு பாடியதற்கான கூலி. தந்தை இறந்தபோது கூட இப்படி அழவில்லையே என்ற குற்றவுணர்வும் தேவையற்றது. தந்தையோடு பேசியதைவிட அதிக மணி நேரம் அந்தக் குரலோடு நீங்கள் செலவிட்டிருக்கிறீர்கள்.

ஒரு வரி மட்டும் என்னை நிறுத்தியது. "அவர்களெல்லாம் போன பிறகு நான் மட்டும் இருந்து என்ன பாட" என்பது. 'பாட' என்று முடித்திருக்கிறீர்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, இருப்பதே வீண் என்ற எண்ணம் வந்தாலோ, அது துக்கத்தைத் தாண்டிய மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தொண்டைக்குப் போகும் அதே நாளில் மனநலப் பிரிவிலும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கச்சேரிப் பதிவு ஒன்றும், சென்ற மாதப் பதிவு ஒன்றும் கைப்பேசியில் இருக்கட்டும், பரிசோதிப்பவர் கேட்பார். தொழில் பாடகர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பேச்சுக் குரலை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடக்கூடும். காலை உணவு இலேசாக இருக்கட்டும்; குழாய் விடும்போது சிலருக்குக் குமட்டும்.